திரும்பிப் பார்த்த மான்

வேம்பூரணியில் மான் திரும்பிப் பார்த்த வருஷம் எது என்று கேட்டால், பஸ் பருத்திக்காட்டுக்குள் வந்த வருஷம் என்று வடக்குத் தெருக்காரர்கள் சொல்வார்கள், மழை வந்து காகிதக் கட்டுகளை ஊறவைத்த வருஷம் என்று கிழக்குத் தெருக்காரர்கள் சொல்வார்கள், நான் மட்டும் எழுந்து தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருவேன், ஏனென்றால் அந்த வருஷத்தில் நடந்த பிழைகளில் ஒன்று என்னுடையது, அதை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது.

அப்போது ஊரில் பாதிப்பேர் ஞானதிரவியம் முதலாளியின் அச்சகத்தில்தான் வேலை பார்த்தோம். தீப்பெட்டியின் மேல் ஒட்டுகிற படங்களை லட்சக்கணக்கில் அச்சடித்து அனுப்பினோம். சிங்கம், கப்பல், ரோஜாப்பூ, இரட்டைக் கிளி என்று எங்கள் கைபடாத பிராணியோ பூவோ கிடையாது. மத்தியானம் மிஷின் நின்றதும் ஆணும் பெண்ணும் சிமெண்டுத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து ‘ஒத்தைப்படம்’ ஆடுவோம். ஆட்டம் ரொம்பச் சுலபம். இரண்டு பேர் ஆளுக்கொரு படத்தைக் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திருப்ப வேண்டும், ஊரில் எந்தப் படம் குறைச்சலோ அதை வைத்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு நூறு சிங்கம் கிடந்ததால் சிங்கத்தை ஈ எறும்புகூட மதிக்காது. கம்பெனி மூடிப்போய் முப்பத்தேழே முப்பத்தேழு மிஞ்சிய தவளைப் படம் அந்தச் சிங்கத்தை ஒரே வாயில் விழுங்கிவிடும். ஒருவருக்கு எதிராக ஒரு படத்தை ஒரு தரம்தான் இறக்கலாம் என்பது இன்னொரு விதி. எந்தப் படம் எத்தனை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம், அதிலும் தகராறு வந்தால் என்னிடம் வருவார்கள், நான் சொன்னதுதான் கணக்கு.

என்னிடம் ஏன் வந்தார்கள் என்றால், மாதிரி நோட்டு என் பொறுப்பில் இருந்தது. எந்த வேலையானாலும், எண்ணிக்கை முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன், நிறம் சரியாக விழுந்த முதல் தாளிலிருந்து ஒரு படத்தை வெட்டி மைதாப் பசை தடவி நோட்டில் ஒட்டுவேன். அந்த ஒன்று சரக்கில் சேராது, சேதத்திலும் சேராது. அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் மாதிரி என்பது ஒரு படமே இல்லை என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் மான் படம் ஓடியது. ஐம்பதாயிரம் மான்கள் நேரே பார்த்து நிற்க, ஒரே ஒரு மான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. வெட்டிய படங்களை நூறு நூறாகக் கட்டுகிற மாடத்தி அதைக் கண்டுபிடித்து மிஷின்மேன் ஆசீர்வாதத்திடம் காட்டினாள். அவர் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தார், அதில் எல்லா மானும் ஒழுங்காக நின்றன. வெக்கைக்குத் திரும்பியிருக்கும் என்றார். அந்த வெக்கையில் எங்கள் எல்லாருக்குமே கழுத்து ஓரிடத்தில் நிற்கவில்லை என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்று மத்தியானம் மாடத்தி அந்த ஒற்றை மானை இறக்கித் தவளை, கிளி, கப்பல் என்று ஊரின் படங்களையெல்லாம் மடியில் வாரிக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றோம். மூன்று மணி பஸ் எங்கள் ஊருக்கு ஐந்தரைக்கு வருவது வழக்கம். மாடத்தி மானைக் கையில் வைத்து விசிறிக்கொண்டே, வந்து தொலையேன் என்று அலுத்துக்கொண்டாள். கண்மாய்க்கு அந்தப்பக்கம் ரோட்டில் திரும்ப வேண்டிய பஸ் திரும்பாமல், கரையிறங்கி, பருத்திக்காட்டுக்குள் புகுந்து, ஒரே நேர்கோட்டில் வந்து அவள் காலடியில் நின்றது. டிரைவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் ஏறச் சொன்னார், ஏறினோம். காட்டுக்குச் சொந்தக்காரர் திட்டிக்கொண்டே வந்து அதே பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போனார்.

மான் கையில் இருந்தால் கூப்பிட்டது வரும் என்று மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒத்தைப்படத்தின் விதியேதான் அதற்கும், ஒன்றை ஒரு தரம்தான் கூப்பிடலாம், மறுதரம் கூப்பிட்டால் காதில் வாங்காது. தொலைந்த குத்துவிளக்கும், ஓடிப்போன சேவலும், வழி தவறிய கல்யாணப் பத்திரிகையும் வந்து சேர்ந்தன. கிழக்குத் தெருப் பெண்கள் மானை இரவல் வாங்கி மழையைக் கூப்பிட, அது மேற்கே மலையிலிருந்து ஒரு கோடு போட்டாற்போல் வந்து, கிணறுகளை நிரப்பி, கொட்டகையில் அடுக்கியிருந்த காகிதத்தையும் கூழாக்கிவிட்டுப் போனது. ஞானதிரவியம் முதலாளி வேலை முடையென்று, மச்சினன் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருந்த ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டார். ஆசீர்வாதம் மறுநாள் பகலில் வந்தார். பட்டு வேட்டி கிழிந்து தொங்க, வலது கையில் சோறு காய்ந்து ஒட்டியிருக்க, கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறிய வெறுங்காலோடு மிஷின் முன்னால் வந்து நின்று, “நான் எப்ப வந்தேன்?” என்று கேட்டார். வழியில் இரண்டு கிணறுகளின் விளிம்பை மிதித்துத் தாண்டியிருக்கிறார், ஒன்றும் நினைவில்லை. ஒரே மானாக இருந்தபோது கூப்பிடப்பட்டவருக்கு வழியும் கிடையாது, புத்தியும் கிடையாது. அவர் காலில் நான்தான் முள் எடுத்தேன், எடுக்க எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாரும் எதையெதையோ கூப்பிட, மாடத்தி மட்டும் கூப்பிட வேண்டியதைக் கூப்பிடவில்லை. அவளுக்கு ஒரே மகள், வடிவு. ஆறு வருஷத்துக்கு முன், அம்மா வேண்டாம் என்ற பையனைத்தான் கட்டுவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, மாடத்தி வாசலில் வைத்து, நானா வாயைத் திறந்து கூப்பிட்டா ஒழிய இந்தப் படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். வடிவும் அவள் பெற்ற பெண்தானே, மிதிக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு என்றுகூட ஒரு கடுதாசி கிடையாது. மானை வைத்துக்கொண்டு ஏன் இப்படி இருக்கிறாய் என்று வெட்டுப் பகுதிப் பெண்கள் நச்சரித்தார்கள். “நானா? நான் எதுக்குக் கூப்பிடணும்? வேணும்னா அவ வரட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் வேகமாகப் படங்களை எண்ணினாள். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

இதற்குள் ஊரில் யாருக்கும் தூக்கம் சரியில்லை. மான் இன்று யார் வீட்டில், யார் எதைக் கூப்பிடப் போகிறார்கள், நம்மையே கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று சாப்பிடும்போதுகூட ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதினோராம் நாள் ஊர் கூடியது. ஒருவர் கையில் இருப்பதால்தானே வம்பு, அச்சகம் நம்முடையது, மை நம்முடையது, வீட்டுக்கு ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டால் எல்லாரும் சமம் என்று பேசி முடித்தார்கள். மானைப் படம் பிடித்துப் புதுப் பிளேட் போட்டோம். எல்லா வேலைக்கும் செய்வதை எல்லாரும் அந்த வேலைக்கும் செய்தோம், ஆயிரம் மான் அடித்து வீட்டுக்கொன்று கொடுத்தோம்.

அவரவர் மானைக் கையில் வைத்து அவரவர் கூப்பிட்டார்கள். பஸ் ஒரு சாண் நகர்ந்து நின்றது. மேகம் லேசாக அசைந்ததுபோல் இருந்தது, அசையாததுபோலவும் இருந்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று யோசித்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் படம் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு வழி, ஆயிரத்தில் ஒரு பங்கு மயக்கம், அவ்வளவுதான் என்று புரிந்தது. ஒத்தைப்படத்திலும் தவளை மானைத் தின்ன ஆரம்பித்தது. ஜனங்கள் மானைப் பால் கணக்கு நோட்டுக்குள்ளும் அரிசிப் பானைக்கடியிலும் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

கார்த்திகையில் வடக்கே சரக்கேற்றிப் போய்த் திரும்பிய லாரி டிரைவர் கொண்டல்சாமி, சூரத்தில் ஒரு சந்தையில் வடிவைப் பார்த்ததாகச் சொன்னார். பேசுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டாளாம். ஐந்து மாத வயிறு இருக்கும் என்றார். மாடத்தி அப்போது கட்டிக்கொண்டிருந்த கட்டில் நூற்றுக்குப் பதிலாக நூற்று நாற்பது படம் இருந்தது, இருபது வருஷத்தில் அவள் எண்ணிக்கை தப்பியது அன்றுதான். ஏழாம் மாதம் வளையல் போட வேண்டியவள் நான், தலைப்பிரசவத்துக்குக் கூட இருக்க வேண்டியவள் நான் என்று கட்டின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். கூப்பிடலாம் என்றால் மானுக்கு இப்போது சத்தில்லை. போகலாம் என்றால் சூரத் எவ்வளவு பெரிய ஊர், எங்கே என்று தேடுவாள்.

மறுநாள் காலையில் அவள் தன் வீட்டு வாசலில் நின்று, கண்மாய்க்கரையில் மேய்ந்த தன் வெள்ளாட்டைப் பழைய மானைக் காட்டிக் கூப்பிட்டாள். ஆடு ஒரே ஒரு எட்டு வைத்து நின்றது. பிறகு அவள் கிழக்குத் தெருவில் ஒரு வீட்டில் ஒத்தைப்படம் ஆடி ஒரு மானை ஜெயித்து, அடுப்பில் போட்டாள். ஆடு இன்னொரு கால் எடுத்து வைத்தது. மானைக் குறைத்தால், கூப்பிட்டது நின்ற இடத்திலிருந்து மேலும் வரும் என்று இப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

அதன்பின் இரண்டு மாதம் அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. விடியுமுன் கிளம்பி வேலைக்கு முன்னால் நாலு வீடு, வேலை முடிந்து ஆறு வீடு. முதலில் எல்லாரும் சும்மாவே கொடுத்தார்கள், அரிசிப் பானைக்கடியில் கிடப்பதற்கு என்ன மவுசு. ஆயிரம் ஐந்நூறாகி, ஐந்நூறு நூறானபோது அதே மான்களுக்குப் பலம் ஏறத் தொடங்கியது. கூப்பிட்ட கோழி நாலு வீடு தாண்டி வந்தது. உடனே மனசு மாறிவிட்டது, கொடுக்கிறேன் என்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். அவள் குறைக்கக் குறைக்கத்தான் மிச்சமிருப்பவர்களுக்கு அது அருமையாகிக்கொண்டிருந்தது. நூறைத் தாண்டியபின் ஒவ்வொரு மானையும் அவள் ஆடித்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது, மான் முப்பத்தேழுக்கும் கீழே குறைந்து தவளையையே தின்னத் தொடங்கியதும், தன்னிடமிருந்த முப்பத்தேழு தவளையையும் விலையாகக் கொடுத்து மீதி மான்களை வாங்கினாள். ஆடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊரை நோக்கி வந்தது. அது நின்ற இடத்திலேயே தண்ணீர் காட்டுவாள், அங்கேயே முளையடித்துக் கட்டுவாள். ஜனங்கள் கடிகாரம் பார்ப்பதுபோல் ஆட்டைப் பார்த்து, இன்னும் முப்பது இருக்கும், இன்னும் பன்னிரண்டு இருக்கும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லார் கையும் மறுபடி தூணைத் தேட ஆரம்பித்தது.

கடைசியில் மாடத்தியிடம் ஒன்று, முதலாளியிடம் ஒன்று என்று ஆனது. முதலாளி அதை வைத்து வடக்கேயிருந்து காகித லாரியைக் கூப்பிட்டிருந்தார், அது எந்தப் பொட்டலிலோ நடுவழியில் நின்று தந்தி மேல் தந்தி வந்துகொண்டிருந்தது. இதற்கு ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவரும் சலித்துப்போயிருந்தார். உன்னுடையதை எரி, உன் மகளையும் நானே கூப்பிட்டுத் தருகிறேன் என்றார். நானா வாயைத் திறந்து கூப்பிட்டா ஒழிய என்று மகளிடம் சொன்னவள் அதற்கு ஒத்துக்கொள்வாளா? “நீங்க உங்களோடத எரிங்க முதலாளி. முதல்ல எம்மகளைக் கூப்பிடுதேன், அப்புறம் மானே உங்களுக்குத்தான்” என்றாள். நான்தான் சாட்சி. எண்ணிக்கை சரியா என்று என்னைக் கேட்டார்கள். அடித்தது ஆயிரம், பழையது ஒன்று, எரிந்தது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, இதையும் போட்டால் மிச்சம் ஒன்றே ஒன்று என்று நான் எல்லார் முன்னாலும் அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன். பசை காய்ச்சுகிற அடுப்பில் முதலாளி தன் மானைப் போட்டார்.

மாடத்தி வெளியே வந்து வடக்கு பார்த்து நின்று மானை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாகச் சொல்லாத பேர் என்பதால் முதலில் வாயில் காற்றுத்தான் வந்தது. பிறகு, “ஏளா வடிவு, வந்துரு தாயி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எங்களில் ரெண்டு மூன்று பேர் அழுதுவிட்டோம்.

ஒரு நாள் போனது, வரவில்லை. தூரம் அதிகம் என்றோம். இரண்டாம் நாளும் வரவில்லை. லாரியும் கொஞ்ச தூரம் நகர்ந்து மறுபடி நின்றுவிட்டது என்று தந்தி வந்தது. ஆடும் வீட்டுக்குப் போகவில்லை, அச்சக வாசலில் நின்றுகொண்டு என் பசை வாளியை நக்கிக்கொண்டிருந்தது. பசை ருசிக்கு நிற்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே அதை விரட்டினேன். விரட்டினால் சுற்றி வந்து அங்கேயே நின்றது. கண்மாய்க்கரை எங்கே, மாடத்தி வீடு எங்கே என்று அப்போதுதான் யோசித்தேன். எங்கள் அச்சகம் இரண்டுக்கும் சரிபாதியில் இருக்கிறது.

உள்ளே போய் மாதிரி நோட்டைத் திறந்தேன். வைகாசி மாதத்துப் பக்கத்தில், என் கையால் வெட்டி, என் கையால் பசை தடவி, ஓரம்கூடப் பிசகாமல் ஒட்டப்பட்டு, மான் என்னைத் திரும்பிப் பார்த்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஊரின் கணக்கே என் வாயில் இருக்கிறது என்று இருபத்திரண்டு வருஷம் மார்தட்டியவன், ஒன்றை விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நோட்டை மூடினேன், திறந்தேன், பீரோவுக்கும் வாசலுக்கும் நடந்தேன். பசை அடிப்பிடித்துவிட்டது. ஒரு பகல் முழுக்க அப்படியே போனது.

மறுநாள் காலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு வெட்டுப் பகுதிக்குப் போனேன். மாடத்தி பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அவள் அந்த மானின் கழுத்தை விரலால் தடவினாள். “கிழிச்சுத் தாரேன் மாடத்தி. இப்பவே அடுப்புல போட்டுருவோம், மீதி வழியும் வந்துருவா” என்றேன். என் நோட்டில் ஒரு பக்கம்கூடக் கிழிந்ததில்லை, ஆனாலும் மனசாரத்தான் சொன்னேன்.

அவள் எதிரே மிஷினைப் பார்த்தாள். ஆசீர்வாதம் இடது காலை லேசாக இழுத்து நடந்து மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு மான் இருந்தா பாதி வழி. பாதிப் புத்தியும் அவகிட்டயே இருக்கும், ரயில் பஸ்ஸுன்னு பார்த்து ஏறி வந்திருப்பா. அன்னைக்குக் கூப்பிட்ட வேகத்துல எனக்கு இது தோணல, இதையும் எரிச்சா வயித்துப்பிள்ளையோட முள்ளுலயும் கல்லுலயும் நேரா நடந்துருவா. கூப்பிடுதேன்னு சொன்னேன், கூப்பிட்டாச்சு. மீதிய நான் போறேன். அந்தப் பாதி எந்த ஊருன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

அதே நோட்டில், பள்ளிக்கூடங்களுக்காக நாங்கள் அச்சடித்த இந்தியப் படமும் ஒட்டியிருக்கிறது. தாள் வெட்டுகிற இரும்பு ஸ்கேலை எடுத்து, எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முனையும் சூரத்தில் மறுமுனையும் வைத்து, நடுவில் பென்சிலால் புள்ளி வைத்தேன். மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் ஹூப்ளியில் விழுந்தது. அது பெரிய ரயில் ஜங்ஷன் என்று கொண்டல்சாமி சொன்னார். மாடத்தி கண்ணாடி வளையலும் கொஞ்சம் புளிச்சோறும் கட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டாள். தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது, மதுரைக்கு வடக்கே போனதும் கிடையாது.

எட்டாம் நாள் பகல் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள், பஸ் வழக்கம்போல் இரண்டரை மணி நேரம் தாமதம். வடிவின் இரண்டு கையிலும் வளையல் இருந்தது. ஜங்ஷனிலேயே போட்டுவிட்டாளாம். மாமா சௌக்கியமா என்று என்னைக் கேட்டுவிட்டு, அவள் ஒரு நிமிஷம் தயங்கி, பிறகு படியை மிதித்து உள்ளே போனாள். மாடத்தி பழைய மானை முதலாளியிடம் கொடுத்துவிட்டாள். ஒரு தரம் கூப்பிட்டுவிட்ட லாரி மறுதரம் காதில் வாங்காமல் நடுவழியிலேயே நிற்க, அவரும் வேறு வழியில்லாமல் ஆள் அனுப்பி அதை ஓட்டி வரச் செய்தார். இப்போதெல்லாம் எங்கள் ஊரில் யாரையாவது கூப்பிட்டுவிட்டால், செருப்பைப் போட்டுக்கொண்டு எதிரே கொஞ்ச தூரம் போய் நிற்கிற பழக்கம் வந்துவிட்டது.

மறுவாரம் படங்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டே மாடத்தி சொன்னாள். “பிளாட்பாரத்துல ஒரு பெஞ்சியில காலை நீட்டி உக்காந்திருந்தா அண்ணாச்சி. கால்ல செருப்பு இருந்துச்சு, அதைத்தான் முதல்ல பார்த்தேன். அங்க வந்ததுக்கப்புறம் முன்னாலயும் போக முடியலையாம், திரும்பிப் போகவும் மனசில்லையாம். அஞ்சு நாளா அங்கயே இருந்திருக்கா. என்னைப் பார்த்ததும், ஏம்மா இவ்வளவு நேரம்னு கேட்டா.”

என்ன பதில் சொன்னாய் என்றேன். என்னத்தைச் சொல்ல, ஆறு வருஷம் ஆக்கினவள் நான்தானே என்று சொல்லிவிட்டு அவள் கட்டின் முடிச்சை இறுக்கினாள். அந்த ஐந்து நாளில் ஒரு நாள் என்னால் ஆனது என்பதை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.